ஏழாவது நிபந்தனையை எழுதிய கை

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா, அங்கே தண்ணீர் ஒத்துக்கொண்டதா, அந்தத் தும்மல் நின்றதா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். இங்கே நான் சுகம். மாமாவுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நடை நன்றாகத் தேறிவிட்டது. காலையில் தெருக்கோடி வரை போய் ஊர் வம்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு வருகிறார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். பட்டறையில் மெஷின் ஓடினால் நீ பேசுவதில் பாதி காற்றோடு போகிறது. வீட்டிலோ பக்கத்தில் மாமா உட்கார்ந்து, "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று மீதியையும் கெடுக்கிறார். எழுது. நான் நிதானமாக ரெண்டு தடவை படித்துக்கொள்வேன்.

தொழில் துறையில் நாற்பது பேரைப் பார்த்து ஒருவனைப் பொறுக்கினார்களாம், அது நீயாம். சிறுதொழிலை வளர்ப்பது எப்படி, புதுசாக ஒரு பொருள் செய்கிறவனுக்குக் கைகொடுப்பது எப்படி என்று, கொள்கை எழுதும் ஆட்களுக்கே ஐந்து மாதப் பாடமாம். இதை இந்தத் தெருவில் சொல்லாத வீடு பாக்கியில்லை. சொன்ன வீட்டிலேயே மறந்துபோய் இரண்டாம் முறையும் சொல்லிவிட்டேன் என்று மாமா கேலி செய்கிறார். நான் மறக்கவெல்லாம் இல்லை.

ஒரு சங்கதி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு நான் செய்த அந்தச் சக்கரத்தை உங்கள் துறையின் புதுப்பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன். பட்டியலில் ஏறினால்தான் அரசு ஆஸ்பத்திரிகள் வாங்கும். அதற்காக நீ யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் சக்கரம் தானாக உருளட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று பதில்கள்: சேர்ந்தேன், தண்ணீர் ஒத்துக்கொண்டது, தும்மல் நிற்கவில்லை. உன் முழங்கை வலி என்ன ஆயிற்று? நீ அதைப் பற்றி எழுதாததால் கேட்கிறேன். மாமாவைப் படி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

பயிற்சி நிலையம் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடம். வகுப்பு ஐந்தாம் மாடியில், லிஃப்ட் நான்கோடு நின்றுவிடும். மொத்தம் பதினெட்டு பேர், எல்லாரும் எங்கெங்கோ கோப்புகளை நகர்த்தும் அதிகாரிகள். கற்பிப்பவர் ஓர் அம்மையார். பதினைந்து வருடம் சொந்தமாகப் பூட்டுத் தொழிற்சாலை நடத்திவிட்டு வந்தவர். முதல் நாளே எங்கள் பேனாக்களை எல்லாம் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, "இன்னைக்கு யாரும் எதையும் எழுத வேண்டாம். எழுதினது போதும், கேளுங்க" என்றார். பேனா இல்லாமல் பதினெட்டு அதிகாரிகளும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்து திரும்பியதும் புதுப்பொருள் பிரிவுக்கு என்னையே தலைவராகப் போடுவதாக இயக்குநர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பட்டியலின் நிபந்தனைகளை இரண்டு வருடம் முன்பு எழுதியது நான்தான் என்பது உனக்குத் தெரியும். அதிலும் ஏழாவது நிபந்தனை முழுக்க என்னுடையது. 'விண்ணப்பிக்கும் பொருள் குறைந்தது மூன்று ஆண்டுகள் விற்பனையில் இருந்ததற்கான சான்று.' எங்கிருந்தோ வாங்கி வந்து சொந்தச் சரக்கு என்று பட்டை தீட்டும் போலிகள் அதைத் தாண்ட முடியாது. மேலே போன கோப்பில் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் திரும்பி வந்த வரி அது.

உனக்குக் கவலையே இல்லை. உன் பட்டறைக்குப் பதினோரு வயது. மூன்று வருடம் உனக்கு எம்மாத்திரம்?

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 14
(எழுதி முடித்து, அனுப்பாமல் மேஜை இழுப்பறையில் வைத்தது)

தம்பி,

மனு திரும்பி வந்துவிட்டது. ஒரே வரி. 'ஏழாவது நிபந்தனை பூர்த்தி செய்யப்படவில்லை.'

பட்டறைக்குப் பதினோரு வயதுதான்டா. சக்கரத்துக்கு எட்டு மாதம். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வார்டுக்காரம்மா கட்டிலைத் தள்ள முடியாமல் குனிந்து, சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கிடந்த முடியையும் கட்டுத்துணி நூலையும் பிளேடால் அறுத்து, அதோடு கட்டைவிரலையும் அறுத்துக்கொண்டாள். அன்றைக்கு யோசித்தது. கையால் கால்வட்டம் திருப்பினால் மூடி கழன்று, அச்சு வெளியே வந்துவிடும். ஸ்பேனர் வேண்டாம், பிளேடு வேண்டாம். இப்போதுதான் செய்த பொருள் மூன்று வருடமாக எப்படி விற்றிருக்கும்? இது உனக்குத் தோன்றவே இல்லையா?

ஆஸ்பத்திரியில் இருநூறு சக்கரம் கேட்கிறார்கள், பட்டியலில் இருந்தால். நம் லேத்காரர் மில்லிமீட்டர் அண்ணனைப் பெரிய கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். எனக்காக ஆகஸ்ட் வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போனால் அந்த மூடியின் பள்ளத்தை வெட்ட எனக்கு வேறு கை இல்லை. சக்கரம் அத்தோடு சரி.

இதை உனக்கு அனுப்பினால் நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிட மாட்டாய். காற்புள்ளி மாறாமல் வந்தது என்று எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு எப்படி அனுப்புவது?


பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கை பரவாயில்லை, தைலம் தேய்க்கிறேன். தும்மலுக்குக் காலையில் வெந்நீர் குடி. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார், நான் பார்க்கும்போது.

உன் பூட்டு அம்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது. பேனாக்களை இன்னும் ஒரு வாரம் டப்பாவிலேயே வைத்திருக்கச் சொல்.

மனுவில் ஏதோ சின்னக் குறை என்று திருப்பினார்கள். சரிசெய்துகொண்டிருக்கிறேன். நீ அதை நினைத்துக் குழம்பாதே. நம் வேலை நிறைய இருக்கிறது. மூன்று கட்டில் ரிப்பேருக்கு வந்திருக்கிறது.

நீ தலைவராகப் போகிற விஷயத்தை மில்லிமீட்டரிடம் சொன்னேன். "எத்தனை மில்லிமீட்டர் உசரம் கூடுவார்?" என்று கேட்டார். அவருக்கு எல்லாமே அளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வெந்நீர் வேலை செய்தது, தும்மல் போய்விட்டது. ஒரு மாதம் எழுதவில்லை என்று கோபிக்காதே. எழுத வெட்கமாக இருந்தது. சொல்லிவிடுகிறேன்.

மேடம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறைகள். ஆளுக்கு ஒரு பட்டறைக்குப் போய், ஏதாவது புதுப்பொருள் செய்கிறவரிடம் உட்கார்ந்து, எங்கள் துறையின் விண்ணப்பத்தை எங்கள் கையாலேயே அவருக்காகப் பூர்த்தி செய்ய வேண்டும். எனக்கு வாய்த்தவர் ரப்பர் பட்டறைக்காரர். ஒரு மேஜை, ஒரு அச்சு, உட்கார இடமில்லாமல் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டார். பள்ளிக்கூடக் கதவுகளின் கீல் பக்கம் பிள்ளைகள் விரலை வைத்து நசுக்கிக்கொள்கிறார்களே, அந்த இடுக்கை மறைக்கும் ரப்பர் பட்டை ஒன்று செய்திருக்கிறார். நான் என் விரலையே வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. உற்சாகமாக எழுத ஆரம்பித்தேன். ஆறு நிபந்தனை விறுவிறு என்று போயிற்று.

ஏழாவதில் கேட்டேன்: "இது எப்ப செஞ்சது?"

"போன மழைக்காலத்துல, சார்."

"மூணு வருஷம் வித்திருக்கணுமே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அப்ப இன்னும் மூணு வருஷம் பழசானப்புறம் வந்து புதுசுன்னு சொல்லணுமா, சார்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் மேடமும் எங்கள் வகுப்பில் நாலு பேரும். மேடம் சிரிக்கவில்லை. "இந்தக் கேள்வியை யாரு எழுதினது?" என்றார்.

"எங்க துறை, மேடம்."

"துறைக்குக் கை கிடையாதே. யாரோட கை?"

"தெரியாது, மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அந்த நிபந்தனை என் சொந்த மூளையில் உதித்ததும் இல்லை. பழைய கொள்முதல் விதிகளில் மேஜை நாற்காலி வாங்குவதற்கு எழுதியிருந்த வரியை எடுத்துக் கொஞ்சம் மெருகேற்றி வைத்தேன். அதைத்தான் இரண்டு வருடமாகப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். ரப்பர்காரர் என்னை வழியனுப்பும்போது, "பரவால்ல சார், நீங்க என்ன செய்வீங்க, எவனோ எழுதி வெச்சது" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

அன்று இரவிலிருந்து ஒன்று உறுத்துகிறது. உன் மனுவில் சின்னக் குறை என்றாயே. எந்த நிபந்தனை?

தம்பி


ஏப்ரல் 5

அக்கா,

நலமா? பதில் இல்லை. எந்த நிபந்தனை என்று கேட்டிருந்தேன். எண்ணை மட்டுமாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 13

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். ஏழு.

இத்தோடு பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தையும் சேர்த்திருக்கிறேன். இனிமேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது? அதைப் படித்துவிட்டு இதைப் படி.

மனு திரும்பி வந்ததில் எனக்கு வருத்தம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் சக்கரத்தைத் தொடவே பிடிக்கவில்லை. ஆனால் நீ அந்த அம்மாவிடம் "தெரியாது" என்றாய் பார், அதைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. தப்பாக எழுதுவது யாருக்கும் நடக்கும். நான் முதலில் செய்த மூடி இடப்பக்கம் திரும்ப வேண்டியது வலப்பக்கம் திரும்பி, கட்டில் ஓட ஓடத் தானாகக் கழன்று விழுந்தது. வார்டில் எல்லார் முன்னாலும். "யார் செஞ்சது?" என்று டாக்டர் கேட்டார். "நான்தான் சார்" என்று பொறுக்கிக்கொண்டு வந்தேன். அதனால்தான் அடுத்த மூடியைச் செய்ய அவர் இன்னொரு கட்டிலைக் கொடுத்தார்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்காக விதியை மாற்றிவிடலாம் என்று கிளம்புவாய். எனக்காக ஒரு எழுத்தைத் தொட்டாயானால் உன்னோடு பேச மாட்டேன். அந்த ரப்பர்காரர் மாதிரி ஆட்களுக்காக மாற்று. அவர்களுக்கு மாறினால் எனக்கும் மாறும். நான் வரிசையில் நிற்கிறேன், எனக்குக் கால் வலிக்காது.

மாமா உன்னைக் கேட்டார். நீ மெலிந்துபோயிருப்பாய் என்று அவர் கணக்கு. சாப்பிடு.

அக்கா


மே 6

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலனை விழைகிறேன்.

பயிற்சியின் நிறைவு நாளன்று தாங்கள் வர இருப்பதால் முன்கூட்டியே இதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். புதுப்பொருள் பட்டியலின் ஏழாவது நிபந்தனை தவறானது. புதிய பொருளிடம் பழைய விற்பனையைக் கேட்கிறது. அதை வரைந்தவன் நான். நிறைவு நாளில் அதை நீக்குவதற்கான திருத்தத்தை என் பெயரிலேயே முன்வைக்க அனுமதி கோருகிறேன்.

அந்த நிபந்தனையால் திருப்பப்பட்ட விண்ணப்பங்களில் என் சொந்த அக்காவின் விண்ணப்பமும் ஒன்று. திருத்தம் ஏற்கப்பட்டால் அவர் மீண்டும் விண்ணப்பிப்பார். எனவே திருத்தத்தைத் தொடர்பில்லாத மூவர் பரிசீலிக்க வேண்டும் என்றும், புதுப்பொருள் பிரிவின் தலைமைப் பொறுப்பை எனக்குத் தர வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் எனக்காக ஒதுக்கிய இடம் அது என்பதை அறிவேன். நான் மிகவும் விரும்பிய இடமும் அதுதான். வேறு எந்தப் பிரிவானாலும் மனநிறைவோடு பணியாற்றுவேன்.

தங்கள் உண்மையுள்ள


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மெலியவில்லை, மாமாவின் கணக்கு தப்பு. உன் முழங்கைக்கு இங்கே ஒரு பட்டை வாங்கியிருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

பயிற்சி முடிந்தது. கடைசி நாள் ஆளுக்கொரு விதியை எடுத்து, அதில் என்ன கோளாறு, எப்படி மாற்றலாம் என்று பேச வேண்டும். இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் எழுந்து போனேன். ஏழாவது நிபந்தனையைப் பலகையில் எழுதினேன். பிறகு கையைத் தூக்கிக் காட்டி, "யாரோட கைன்னு மார்ச் மாசம் கேட்டீங்க, மேடம். இந்தக் கைதான். அன்னைக்குத் தெரியாதுன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

மேடம் பலகைக்கு முன்னால் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார். பிறகு, "பேசுங்க. இன்னைக்குத்தான் நீங்க என் வகுப்புல சேர்ந்திருக்கீங்க" என்றார்.

பேசினேன். மூன்று வருட விற்பனைக்குப் பதிலாக, பொருளைப் பயன்படுத்தும் இடத்திலேயே ஆறு வாரச் சோதனை. செய்தவரின் பட்டறைக்கு நேரில் வந்து, அவர் கையாலேயே ஒன்றைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். போலிக்காரனால் அது முடியாது. உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர், "நானும் ரெண்டு எழுதி வெச்சிருக்கேன், போனதும் கிழிக்கணும்" என்று காதில் சொன்னார். அக்கா, வேலையில் சேர்ந்த இத்தனை வருடத்தில் எனக்கு அவ்வளவு நிமிர்வாக இருந்த நாள் வேறில்லை.

திருத்தம் மூன்று பேர் குழுவுக்குப் போயிருக்கிறது. நான் அதில் இல்லை. திரும்பி வந்ததும் எனக்கு எந்த நாற்காலி என்று இன்னும் உத்தரவு வரவில்லை. எதுவானாலும் வேலை வேலைதான்.

மில்லிமீட்டர் அண்ணனை ஆகஸ்ட் வரை எப்படியாவது பிடித்து வை.

அன்புடன்
தம்பி


ஆகஸ்ட் 24

அன்புத் தம்பிக்கு,

எடை அளவுப் பிரிவில் வேலை எப்படி? கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதிக்கிறாயாம். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள். நீ கொடுத்த முழங்கைப் பட்டை நன்றாக இருக்கிறது. அதை மாமா இடுப்பில் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நிபந்தனை மாறியதும் ஜூன் கடைசியில் மறுபடி மனுப் போட்டேன். புதுப்பொருள் பிரிவின் தலைவரே பட்டறைக்கு வந்தார், கண்ணாடி போட்ட ஒரு பெண், கறாரான ஆள். "எங்க, இப்ப ஒண்ணு செய்யுங்க" என்று நின்றுகொண்டார். மில்லிமீட்டர் பள்ளம் வெட்ட, நான் மூடியைப் பொருத்த, நாற்பது நிமிடத்தில் சக்கரம் அவர் கையில். அப்புறம் வார்டில் ஆறு வாரச் சோதனை. நாலாவது வாரம் ஒரு மூடி இறுகிக்கொண்டு திரும்பவில்லை. அதைத் தலைவரம்மா விடாமல் எழுதிக்கொண்டார். மில்லிமீட்டர் மூன்று நாள் யாரோடும் பேசாமல் பள்ளத்தின் அளவை மாற்றினார். அதன் பிறகு ஒன்றும் இறுகவில்லை. வார்டுக்காரம்மா ஒரு கையால் மூடியைத் திருப்பி, முடியை உருவி எறிந்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். எனக்கு அது போதும்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. பட்டியலில் இருக்கிறோம். மில்லிமீட்டர் பெரிய கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். உன் ரப்பர்காரருக்கு இந்த மாற்றம் தெரியுமா, மறுபடி மனுப் போட்டாரா? அந்த மேடத்துக்கு எழுதிக் கேள்.

உத்தரவை நேரில் கொண்டுவந்த அந்தத் தலைவரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி உங்க தம்பிக்கு வெச்சிருந்தது. அக்காவோட மனு வரும், எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டேன். நீ என்னிடம் மறைத்தாய் என்று அடுத்தவருக்குக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அவர் போனதும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். சின்னக் குறை என்று நான் உனக்கு எழுதினேன், உத்தரவு வரவில்லை என்று நீ எனக்கு எழுதினாய். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தான், சந்தேகமே இல்லை.

இன்றைக்குக் காலையில் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் வந்து உத்தரவைப் பார்த்துவிட்டு, "உனக்கென்னம்மா, ஆபீஸ்ல ஆளு இருக்கு" என்று இழுத்தார்.

"இருந்தான்ங்க. என் மனு வருதுன்னு தெரிஞ்சதும் நாற்காலிய விட்டு எழுந்து போயிட்டான்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்புறம் எதுக்கும்மா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே போனார். நான் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். இந்தத் தெருவில் எனக்கு நிகராகத் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய அக்கா இன்று ஒருத்தியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ.

உன் அக்கா